பாலூட்டும் காலம் – 7: கடலோரத் தாய்க்கும் அயடீன் வேண்டும்

சென்ற வாரம் பாலூட்டும் தாயின் இரும்புச்சத்தைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அயடீன். தேவைப்படும் அளவோ மைக்ரோகிராம் கணக்கில்தான். அது குறைந்தால் பாதிக்கப்படுவது குழந்தையின் மூளை.

கண்டி வீதியால் யாழ்ப்பாணம் வருகிறவர்கள் நாவற்குழிப் பாலம் தாண்டியதும் அரியாலைக்குள் நுழைந்துவிடுவார்கள். தெற்கே கடல்நீரேரி. பக்கத்துச் செம்மணியில் உப்பளம் இருந்தது. மீனும் இறாலும் நண்டும் இந்த ஊரின் அன்றாடச் சாப்பாடு. "கடற்கரைச் சனத்துக்கு அயடீன் குறையுமோ?" என்று இங்கே யாரும் கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. கடல்மீனில் அயடீன் இருக்கிறது. கடலுப்பில் அது இருப்பதாக நினைப்பதுதான் பிழை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பும், 50 முதல் 60 மைக்ரோகிராம் வரை அயடீனும் உண்டு. அந்த அயடீன் முழுவதும் உப்போடு தங்கினால்கூட, ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிடத்தக்க 5 கிராம் உப்பில் 7 முதல் 9 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்லுப்பு எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அயடீன் கலக்காத வரை அது இந்தத் தேவைக்கு உதவாது.

இலங்கையில் 1986–87இல் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கழுத்துக் கழலை இருந்தது. அதன் பின்னர், 1995இல், மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் கலப்பது சட்டமானது. இன்று பக்கற்றில் வரும் உப்பில் பொட்டாசியம் அயடேற் கலந்திருக்கிறது. 2025 மார்ச்சில் ஆனையிறவில் திறந்த தொழிற்சாலையும் அயடீன் கலந்த உப்புக்கானதே.

இனிக் குழந்தைக்கு வருவோம். கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி, அயடீனைக் கொண்டே தன் ஹோர்மோனை உருவாக்குகிறது. பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை வேகமாக வளர அந்த ஹோர்மோன் வேண்டும். பெரியவர்களின் சுரப்பியில் பல வாரங்களுக்குப் போதுமான அயடீன் சேமிப்பில் இருக்கும். பச்சைப்பிள்ளையின் சுரப்பியில் இருப்பதோ மிகச் சிறிய கையிருப்பு. அதுவும் விரைவாகச் செலவாகும். ஆகவே அன்றாடம் வரவு வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைக்கு அந்த வரவு ஒரே இடத்திலிருந்துதான் வரும்.

2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பெருமைப்பட வேண்டிய விடயம். அத்தனை பிள்ளைகளின் அயடீனும் தாயின் சாப்பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது என்பதும் அதற்குள் அடங்கும்.

தாயின் மார்பக உயிரணுக்களில், இரத்தத்திலிருந்து அயடீனை இழுத்துப் பாலில் சேர்க்கும் புரதம் ஒன்று உண்டு. தாய் அயடீன் உட்கொண்ட சில மணி நேரத்திலேயே பாலில் அதன் அளவு உயர்கிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. புகைபிடிப்பதால் உடலில் கூடும் தயோசயனேற் இந்த வேலையைத் தடுக்கும். புகைபிடிக்கும் தாய்மாரின் பாலில் அயடீன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்ததை டென்மார்க் ஆய்வொன்று காட்டியது.

தாய்க்குக் கொடுத்தால் பிள்ளைக்குப் போய்ச் சேருமா? மொரோக்கோவில் இதைச் சோதித்தார்கள். அயடீன் எண்ணெயைச் சில தாய்மாருக்கும், வேறு சில குடும்பங்களில் நேரடியாகக் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். 2014இல் வெளியான முடிவு தெளிவானது. தாய்க்குக் கொடுத்தபோதே குழந்தைகள் கூடுதல் பயன் பெற்றன.

உப்பு மட்டும் போதுமா? போதாது. ஒரு கிலோவில் 30 மில்லிகிராம் அயடீன் உள்ள உப்பு என்றாலும், 5 கிராமில் 150 மைக்ரோகிராம்தான். சமைக்கும்போது அதிலும் கொஞ்சம் குறையும். அதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிடக் கூடாது. இரத்த அழுத்தம் வரும். மிகுதியை மீன், இறால், முட்டை, பால், தயிர் ஆகியவற்றிலிருந்து எடுக்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் சரக்கு அரைத்து மீன்கறி வைப்பதும், பால்சுறா சமைத்துக் கொடுப்பதும் நம்மவர் வழக்கம். அம்மம்மாமார் இதை விடாமல் செய்யுங்கள். சைவச் சாப்பாட்டுத் தாய்மாருக்கும், பத்தியம் என்று சொல்லி மீனும் முட்டையும் மறுக்கப்படும் தாய்மாருக்கும்தான் குறைவு வரும் வாய்ப்பு அதிகம். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையிலோ கல்சியம் குளிசையிலோ அயடீன் இல்லை. அயடீன் குளிசை தேவையா என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

மிதமிஞ்சினாலும் தீங்குதான். கொரியாவில் பிள்ளைபெற்ற தாய்மார் கடற்பாசிச் சூப்பை நிறையக் குடிப்பார்கள். அங்கே குறைமாதக் குழந்தைகள் சிலரில், பாலில் மிகுந்த அயடீனே தைரொயிட்டை மந்தமாக்கியதை மருத்துவர்கள் கண்டார்கள். தைரொயிட் நோய்க்கு மருந்து எடுக்கும் தாய்மார் தாமாக எதையும் தொடங்க வேண்டாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சியும் சோறும் ஊட்டத் தொடங்கும்போது, ஒரு வயது வரை பிள்ளையின் உணவில் உப்புச் சேர்க்க வேண்டியதில்லை. அதனால் அப்போதும் தாயின் அயடீனே பிள்ளைக்குத் துணை. முள் நீக்கி மசித்த மீனும் முட்டையும் கூடவே உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சிறிய காரியங்கள். பக்கற்றில் 'அயடீன் கலந்தது' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். அயடீன் கலந்த கல்லுப்பைக் கழுவாதீர்கள்; மேலே ஒட்டியிருக்கும் அயடீன் தண்ணீரோடு போய்விடும். மூடியுள்ள போத்தலில், அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் உப்பைப் போடுங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாலூட்டும் தாயின் வீட்டுக்குப் போகும்போது, பிள்ளையின் நிறையைப் பார்ப்பதோடு "என்ன உப்புப் பாவிக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியையும் கேளுங்கள். அயடீன் குறைவால் மூளைக்கு வரும் பாதிப்பு, தடுக்கக்கூடியது. அதைத் தடுக்கும் பொருள் கடையில், சில ரூபாய்களுக்குக் கிடைக்கிறது.