டிரிப்பர் இருந்தும் ஷாக் அடிக்கிறதே, ஏன்?

“எல்லா லைனுக்கும் டிரிப்பர் போட்டாச்சு, இனி பயமில்லை” என்று புது வீடு கட்டியவர்கள் சொல்வதுண்டு. மெயின் பாக்ஸில் வரிசையாக நிற்கும் அந்த எம்.சி.பி.களின் வேலை, ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் பார்ப்பது மட்டுமே. 16 ஆம்பியர் டிரிப்பர் அதற்கு மேல் கரண்ட் இழுத்தால்தான் விழும். மனித நெஞ்சு வழியே 0.1 ஆம்பியர் சில நொடிகள் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்துபோகும்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்ட், ஃபேஸ் வழியே வந்து நியூட்ரல் வழியே தெரு டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. அங்கே நியூட்ரலை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் வெறுங்காலோடு தரையில் நிற்பவர் ஃபேஸை மட்டும் தொட்டாலும் கரண்ட் அவர் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கி டிரான்ஸ்பார்மரைத் தேடிப் போய்விடும். ஈர உடம்பின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் பாய்வது 0.23 ஆம்பியர். ஒரு குண்டு பல்பு எரிய ஆகும் கரண்ட்தான் அது. டிரிப்பர் எதற்காக விழப்போகிறது?

“எர்த் இருக்கிறதே” என்பீர்கள். இருக்க வேண்டும்; கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஹீட்டர் எதற்கும் எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் ஆகாது. மூன்று பின்னில் பெரியது நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். அதை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

ஆனால் எர்த் மட்டும் போதாது. கோடையில் மண் காய்ந்து, எர்த் பாதையின் மின்தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். கிரைண்டருக்குள் ஃபேஸ் ஒயர் உரசி அதன் உடலைத் தொட்டால் எர்த் வழியே ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் டிரிப்பர் அசையாது. கிரைண்டரின் உடல் உயிரோடு நிற்கும்.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். 2 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு இணைப்புகளில் இந்த 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. அதிலுள்ள ‘டி’ பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து ‘டைரக்ட்’ கொடுக்கும் ஒயர்மேனை மட்டும் நம்பாதீர்கள். எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. கசிவைத்தான் தேட வேண்டும். ஒன்று: ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டவரை ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது.

வாடகை வீடென்றால்? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், வயரிங் பராமரிப்பு வீட்டு உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. சுவர் ஷாக் அடித்தால் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல் பிறகு நிற்காது.

வீட்டுக்கு வெளியே நடக்கும் சாவுகளில் மிகவும் வயிற்றெரிச்சல் தருவது துணி காயப்போடும் கொடி. சர்வீஸ் ஒயர் தோல் உரிந்து தகரக் கூரையிலோ இரும்புக் குழாயிலோ உரச, அதில் கட்டிய கம்பிக் கொடியில் ஈரத்துணி போடுகிறவர் விழுகிறார். பிடிக்கப் போனவரும் விழுகிறார். கொடிக்குக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்கள். வீட்டுக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் விலக்குங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியிடம் இந்தக் கட்டை வித்தையெல்லாம் கூடாது. யாரையும் நெருங்கவிடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

அறுந்த கம்பியால் உயிர் போனால், வாரியத்தின் கவனக்குறைவைக் குடும்பம் நிரூபிக்க வேண்டியதில்லை. மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த கம்பியால் சைக்கிளில் போனவர் இறந்த வழக்கில், யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் அறுந்தது என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதாடியது. ஆபத்தான பொருளைக் கையாள்பவர் முழுப் பொறுப்பு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இழப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மின் ஆய்வாளர் அறிக்கை மூன்றும் தேவைப்படும். மின்சாரச் சட்டம் 2003-இன் 161-வது பிரிவு இந்த விசாரணைக்கு வழிசெய்கிறது. ஆய்வு முடியும்வரை கம்பியையும் இடத்தையும் படமெடுத்து வையுங்கள்.

தாழத் தொங்கும் லைன், சாய்ந்த கம்பம் போன்றவற்றுக்குப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லையா, வட்ட அளவிலுள்ள மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் சரிவராவிட்டால் மின்குறை தீர்ப்பாளரிடம் முறையிடலாம்; வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.