கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள்!

குழந்தைக்குத் துப்பறியும் கதை வாங்கப் போகிறீர்களா, சகோதரி? கடையில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டுங்கள். மர்மத்துக்கு விடை இருக்கிறதா? அது யோசித்துக் கண்டுபிடித்த விடையா, தானாக வந்து விழுந்ததா? நான் இதைத்தான் பார்ப்பேன்.

என் பெண்ணுக்கு ஒன்பது வயதில் உறவுக்காரர் ஒருவர் பேய்க்கதைப் புத்தகம் கொடுத்தார். கடைசிவரை பேய் பேய்தான்! ராத்திரி கொல்லைப்புறத்தில் ஏதோ அலறுது என்று ஒரு வாரம் தூக்கமே இல்லை, எனக்கும்தான். அதட்டிப் பயனில்லை. பறவைகள் பற்றிய புத்தகத்தில் கூகை ஆந்தையின் படத்தைக் காட்டி, "அலறுறது இதுதாண்டி, எலி பிடிக்க வருது" என்றேன். மறுநாள் ராத்திரி டார்ச் லைட்டோடு அவளே பார்க்கக் கிளம்பிவிட்டாள்!

அதிலிருந்து மர்மக் கதை ஒன்று வாங்கினால், அறிவுப் புத்தகம் ஒன்றும் கூடவே வாங்குகிறேன். அதில் கிரகங்கள் பக்கத்தைப் பாருங்கள். ஒன்பது என்று இருந்தால், 2006-ல் புளூட்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்தது அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. மற்ற விஷயங்களும் பழசாக இருக்கலாம்.

பத்து வயது தாண்டியவர்களுக்குச் சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகள் தமிழிலேயே இருக்கின்றன. 1965-ல் 'சந்தேஷ்' என்ற வங்காளச் சிறுவர் பத்திரிகையில் ஆரம்பித்தவை. துப்பாக்கி வைத்திருந்தாலும் ஃபெலுடா நம்புவது மூளையைத்தான். சிலவற்றில் கொலை வரும். நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். (நான் படித்து முடிக்கும்வரை என் பெண்ணுக்குத்தான் பொறுமை இல்லை!)