ஏர் கன் எவ்வளவு தூரம் சுடும்? கீரனூரிலிருந்து ஒரு கேள்வி

இந்த எபிசோடுக்கான கேள்வி, பழனி வட்டம் கீரனூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கிற ஒரு வீட்டுப் பிள்ளை அனுப்பினது. "மயிலும் கிளியும் கதிரைக் காலி பண்ணுது. லைசென்ஸ் இல்லாம வாங்குற ஏர் கன் எத்தனை மீட்டருக்கு வேலை செய்யும்?" முதல்ல இயற்பியலைப் பார்ப்போம், அப்புறம் சட்டம்.

அரை கிராம் ஈயம்

2016 ஆயுத விதிகள்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்தையும், குண்டு கிளம்பும்போது அதன் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதில் போடுற பெல்லட்டின் எடை சுமார் அரை கிராம். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கிளம்பினா ஆற்றல் ஏறக்குறைய 16 ஜூல்.

பெல்லட்டைக் கையில் வச்சுப் பாருங்க, குட்டி உடுக்கை மாதிரி இருக்கும். நடுவில் சிறுத்து, பின்பக்கம் பாவாடை போல விரிஞ்சிருக்கும். அந்த விரிவுதான் குழலை இறுக்கமா அடைக்குது. பறக்கும்போது குண்டு குட்டிக்கரணம் போடாம பார்த்துக்கிறதும் அதுதான். ஆனா அதே வடிவத்தால காற்று அதை நல்லா பிடிச்சு இழுக்கும். 50 மீட்டர் போறதுக்குள்ள ஆற்றலில் பாதி காலி.

தூரம் இரட்டிப்பு, பிழை நான்கு மடங்கு

25 மீட்டருக்குக் குறி சரிசெஞ்ச துப்பாக்கியில் 50 மீட்டரைக் குறிபார்த்தா, குண்டு சுமார் 10 சென்டிமீட்டர் கீழே போகும். காற்று இன்னும் மோசம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடிச்சா, 25 மீட்டரில் 2 சென்டிமீட்டர் விலகும். 50 மீட்டரில் அது 8, 10-னு ஆகும். கீரனூர் இருக்கிறது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வர்ற பாதை. ஆடி மாசம் அங்கே நிற்கிறவங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

பறவை உடனே உயிர்விடணும்னா குண்டு படவேண்டிய இடம் ஒரு பெரிய காசு அளவுதான். அதனால பழகின கைக்கே, காற்றில்லாத நேரத்தில் 25, 30 மீட்டர்தான் எல்லை. அதுக்கு மேல குண்டு போகும், குறி தவறினா சில நூறு மீட்டர் கூடப் போகும். அங்கே ஆள் நடமாட்டம் இருக்கலாம். சரியா படாத பறவை ஈயத்தைச் சுமந்துக்கிட்டே போய் எங்கேயோ சாகும். அதைத் தின்கிற பருந்துக்கும் விஷம். குண்டு எட்டுற தூரம் வேற, அது சுத்தமா வேலை செய்யுற தூரம் வேற.

துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம், சரி. சுடறதுக்கு?

இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. துப்பாக்கி வச்சுக்கிறது ஆயுதச் சட்டம். பறவையைச் சுடறது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம். மயில் முதல் அட்டவணையில் இருக்கு: கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில். காக்கா முன்னாடி 'தீங்குயிர்' பட்டியலில் இருந்தது. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துடுச்சு. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கு. நம்ம சொந்தத் தோட்டம், நம்ம பயிர்ங்கிறதால மட்டும் விலக்கு கிடைக்காது.

அப்போ கதிரை என்ன பண்றது?

பறவை வருஷம் முழுக்க நஷ்டம் பண்றதில்லை. விதை முளைக்கிற சில நாளும், கதிர் பால் பிடிக்கிற வாரங்களும்தான் ஆபத்து. அதிலும் காலையும் சாயங்காலமும்தான் கூட்டம் இறங்கும். அந்த நேரத்துக்கு மட்டும் காவல் இருங்க. பளபளக்கிற நாடாவை முறுக்கிக் கட்டுங்க, ஆனா பழகிடாம இருக்க இடத்தை மாத்திக்கிட்டே இருங்க. சின்ன வயலா இருந்தா வலை போடுங்க. தினைப்புனத்தில் வள்ளி பரண் மேல நின்னு 'ஆலோலம்' பாடி ஓட்டினதாத்தான் நம்ம ஊரில் கதை. பறவையை ஓட்டினா போதும், கதிர் தப்பிச்சிடும்.

ஏர் கன் மேல ஆசை இருந்தா, 10 மீட்டரில் அட்டையைச் சுடுங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினது அந்தத் தூரத்தில்தான். நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதைத் தொட்டுப் பாருங்க, கஷ்டம் புரியும்.