வணிகத்துக்கு வாக்கி-டாக்கி: கருவிக்கு முன்னே உரிமம்

மும்பையை அடுத்த தாணே மாவட்டத்திலுள்ள பிவண்டி, விசைத்தறிகளால் பெயர் பெற்ற ஊர். இன்று மும்பை–நாசிக் நெடுஞ்சாலையை ஒட்டி அங்கே கிடங்குகள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. சில காலத்துக்கு முன், சரக்கு ஆய்வுக்காக எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவரது கிடங்குக்குச் சென்றிருந்தோம். உலோகத் தகட்டுக் கூரையின்கீழ்ச் சற்றுத் தொலைவு நடந்ததுமே எங்கள் செல்பேசிகளில் அலைக்கோடுகள் மறைந்தன. அடுக்குகளின் நடுவே நின்று பேச முயன்றோம், இணைப்புக் கிடைக்கவில்லை.

அப்போது உரிமையாளர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். சரக்கு இறக்கும் மேடையை நோக்கிப் பெரிய லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. மேடைக்கும் லாரிக்கும் இடையே சுமைத் தொழிலாளர் ஒருவர் விழுந்த கட்டு ஒன்றை எடுக்கக் குனிந்திருந்தார். மேற்பார்வையாளர் அதைக் கண்டு கூச்சலிட்டார். எஞ்சின் இரைச்சலில் ஓட்டுநரின் காதில் அது விழவில்லை. அந்தத் தொழிலாளர் உயிர் தப்பினார். வலது காலின் இரண்டு விரல்களை இழந்தார். “ஒரு சொல் சரியான காதில் விழுந்திருந்தால் போதும், சார்,” என்றார் உரிமையாளர்.

அதன் பிறகே அவர் வாக்கி-டாக்கி எனப்படும் கையடக்க இருவழி வானொலிக் கருவிகளை வாங்க முடிவு செய்தார். ஃபோர்க்லிஃப்ட் ஒன்றும் இரும்பு அடுக்குகளும் வாங்குவதற்கான கடன் விண்ணப்பத்தோடு, பன்னிரண்டு வாக்கி-டாக்கிகளுக்கான விலைப்புள்ளியும் எங்களிடம் வந்தது. மொத்தக் கடனில் அது மிகச் சிறிய தொகை. உண்மையைச் சொன்னால், நாங்களும் அதனை உற்றுப் பார்க்காமல் ஒப்புதலுக்கு அனுப்பும் நிலையில்தான் இருந்தோம். புதிதாகச் சேர்ந்த இளம் அலுவலர் ஒருவர், “இதற்கு உரிமம் வேண்டாமா?” என்று கேட்டார். வாடிக்கையாளருக்கு அது தெரியவில்லை. எங்களில் மூத்தவர்களுக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அலைக்கற்றை யாருடையது?

வாக்கி-டாக்கியை விலை கொடுத்து வாங்கலாம். அது பயன்படுத்தும் அலைக்கற்றையை அவ்வாறு வாங்க இயலாது. மக்களின் சார்பில் மத்திய அரசே அலைக்கற்றையின் உரிமையாளர் என்று 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் கூறுகிறது. அதற்கு முன் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இத்துறையை நெடுங்காலம் ஆண்டுவந்தன. 1933ஆம் ஆண்டுச் சட்டம், உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாகக் கொண்டது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. காவல்துறை, தீயணைப்பு, இரயில்வே ஆகிய துறைகளும் வானொலி அலைகளையே நம்பியிருக்கின்றன. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகளில் விரும்பிய அலைவரிசையை எவரும் அமைத்துக்கொள்ள முடியும். கிடங்கில் ஒருவர் விளையாட்டாகப் பொத்தானை அழுத்த, வேறெங்கோ ஓர் அவசரச் செய்தி தடைப்படலாம்.

எங்கள் வாடிக்கையாளர் சோதனைக்காக நான்கு கருவிகளை ஏற்கெனவே வாங்கியிருந்தார். “இணையத்தில் யாரும் வாங்கலாம் என்றுதானே இருந்தது, சார்?” என்று வருந்தினார். அவருடைய கேள்வி நியாயமானதே. இத்தகைய விற்பனையைக் கண்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இணைய விற்பனைத் தளங்களுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கருவி இயங்கும் அலைவரிசை, உரிமம் தேவையா என்னும் விவரம், அரசின் வகை ஒப்புதல் ஆகியவற்றை விற்பனையாளர் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஆயினும், வாங்கிய கருவியை இயக்குபவரின் பொறுப்பு அதனால் நீங்குவதில்லை.

முன்னுள்ள இரண்டு வழிகள்

முதல் வழி, உரிமம் தேவைப்படாத குறைதிறன் கருவிகள். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்கும் குறைதிறன் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. இவை பொதுவாக அரை வாட் அளவிலானவை. சிறு உணவகம், திருமண மண்டபம், பள்ளி வளாகம், ஒரே கூரையின்கீழ் இயங்கும் கடை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இவையே போதும். இந்தப் பட்டை அனைவருக்கும் பொதுவானது. பக்கத்துக் கட்டடத்தாரின் பேச்சு குறுக்கிட்டால் முறையிட வழியில்லை. இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஐந்து வாட் கருவியை 446 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி அமைத்துவிட்டால் அது விலக்குக்கு உட்பட்டதாகிவிடாது. கருவியின் திறனும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அதற்குரிய வகை ஒப்புதலும் இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி, தனி அலைவரிசைக்கு உரிமம் பெறுதல். தொலைத்தொடர்புத் துறையின்கீழ் டபிள்யூ.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிவு இதனைக் கவனிக்கிறது. ‘சரள் சஞ்சார்’ என்னும் அரசு இணையதளத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் ஆவணங்கள், பயன்படுத்தும் இடம், கருவிகளின் எண்ணிக்கை, திறன், தேவையின் நோக்கம் ஆகியவற்றைத் திரட்டி வைத்துக்கொள்வது நலம். கட்டணம் கருவிகளின் எண்ணிக்கை, பரப்பு, அலைக்கற்றையின் அகலம் ஆகியவற்றைப் பொறுத்து அமையும். உயரக் கம்பம் நட்டு ஆன்டெனா பொருத்த எண்ணினால் அதற்குரிய தனி அனுமதியையும் கேட்டறிய வேண்டும். புதிய சட்டத்தின்கீழ் விதிகள் படிப்படியாக மாறி வருவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள விதியையே பின்பற்றுக.

தேர்வும் சோதனையும்

கருவியின் பெட்டியில் ‘பத்து கிலோமீட்டர்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். தடையற்ற வெட்டவெளிக்கு உரிய கணக்கு அது. சுவரும் இரும்பு அடுக்கும் அந்தத் தொலைவைப் பல மடங்கு குறைத்துவிடும். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப். கருவிகள் தோட்டம், வயல், திறந்த வெளி ஆகியவற்றுக்கு ஏற்றவை. 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட யு.எச்.எஃப். கருவிகள் கட்டடங்களுக்குள் பொதுவாக நன்கு செயல்படுகின்றன.

வாங்குமுன், உரிமம் பெற்ற விற்பனையாளரை நேரில் அழைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் வாயிலில் நிற்க, மற்றொருவர் ஒவ்வொரு மூலைக்கும் நடந்து சென்று பேசிப் பார்க்க வேண்டும். குரல் கேட்காத இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சரக்கு நிரம்பிய நாளில் சோதிப்பது சிறந்தது. வெற்றுக் கிடங்கில் கேட்கும் குரல், நிறைந்த கிடங்கில் கேட்காமல் போகலாம். எரிவாயு, கரைப்பான் முதலிய தீப்பற்றும் பொருள்கள் உள்ள இடமாயின், தீப்பொறி எழாதவாறு வடிவமைத்துச் சான்று பெற்ற கருவிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அமைக்கும் முறை

கருவிகளை முதன்முதல் அமைக்கும் பணியை விற்பனையாளரே செய்து தருவார். ஆனால் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உரிமத்தில் உள்ள அலைவரிசைகள் மட்டுமே கருவியில் பதியப்பட்டுள்ளனவா என்று பார்த்து, அந்த விவரத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். விசைப்பலகை இருந்தால் அதனைப் பூட்டிவிடச் செய்யுங்கள். பொத்தான் தவறுதலாக அழுந்தியபடியே இருந்தால் தடம் முழுதும் அடைபட்டுப் போகும். ஒரு நிமிடத்தில் ஒலிபரப்புத் தானே நின்றுவிடும் ஏற்பாடு பெரும்பாலான வணிகக் கருவிகளில் உண்டு. அதனையும் இயக்கி வைக்கச் சொல்லுங்கள்.

சேனல்கள் குறைவாக இருப்பதே நல்லது. எங்கள் வாடிக்கையாளரின் கிடங்கில் மூன்றே சேனல்கள்: சரக்கு மேடைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று, அனைவரும் கேட்கும் பொதுச் சேனல் ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் எண் ஒட்டி, பணிமுறை மாறும்போது பதிவேட்டில் கையொப்பம் பெறுகிறார்கள். பேட்டரிகளிலும் வாங்கிய மாதத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு கருவிகளுக்கு ஒன்று வீதம் மாற்றுப் பேட்டரி உண்டு. கருவியை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது அங்கே எழுதி மாட்டிய முதல் விதி.

பேசும் ஒழுங்கு

இருவழி வானொலியில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். ஆகவே பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பிறகு பேச வேண்டும். இல்லையேல் முதற்சொல் அறுபட்டுவிடும். அழைக்கப்படுபவரின் பெயரை முதலிலும் தம் பெயரை அடுத்தும் சொல்ல வேண்டும். கேட்டவர், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

எண்களைச் சொல்லும்போது சிறப்பான கவனம் தேவை. இந்தியில் ஏழுக்கு ‘ஸாத்’, அறுபதுக்கு ‘ஸாட்’. இரைச்சலுக்கு நடுவே இவ்விரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். ஏழாம் வரிசையிலிருந்து எடுக்க வேண்டிய சரக்கை அறுபதாம் வரிசையிலிருந்து எடுத்து ஏற்றிய அனுபவம் அந்தக் கிடங்கில் உண்டு. இப்போது அறுபதை ‘ஆறு, பூஜ்யம்’ என்று இலக்கம் இலக்கமாகவே சொல்கிறார்கள். ஆபத்துக்கு ஒரே சொல்: ‘ருகோ’. ‘நில்’ என்று பொருள்படும் அச்சொல்லை வேறெதற்கும் வானொலியில் பயன்படுத்துவதில்லை. யார் சொன்னாலும், யாருக்குச் சொன்னாலும், கேட்டவர் அனைவரும் நின்றுவிட வேண்டும்.

வங்கியாளர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கருவியில் ‘தனிக்குறி’ என்று விற்பனையாளர் காட்டும் வசதி, பிறர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்குமே தவிர, நம் பேச்சைப் பிறர் கேட்பதைத் தடுக்காது. வங்கிக்குப் பணம் எடுத்துச் செல்லும் நேரம், தொகை, கணக்கு எண், பூட்டுச்சாவி இருக்குமிடம் ஆகியவற்றை ஒருபோதும் வானொலியில் சொல்லாதீர்கள்.

கடனும் கணக்கும்

சட்டப்படி வைத்திருக்க இயலாத பொருளுக்கு வங்கி கடன் தர இயலாது. அப்பொருள் பிணையாகவும் நிற்காது. எனவே விலைப்புள்ளியோடு கருவியின் வகை ஒப்புதல் நகலையும், விலக்குப் பட்டையா உரிமப் பட்டையா என்னும் விவரத்தையும் இணைத்துத் தாருங்கள். உரிமக் கட்டணம் ஒருமுறைச் செலவன்று. வரவு செலவு மதிப்பீட்டில் ஆண்டுச் செலவாகவே அதனைக் காட்டுங்கள். முறையான ரசீதோடு வாங்கினால், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் உள்ளீட்டு வரி வரவைக் கோர வழியுண்டு. வருமான வரிக் கணக்கில், பொதுவான இயந்திரங்களுக்குரிய 15 விழுக்காட்டுத் தேய்மானமும் கணக்கிடப்படும். 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்திய முதல் ஆண்டில் அதில் பாதியே கிடைக்கும். உங்கள் தணிக்கையாளரைக் கலந்துகொள்ளுங்கள்.

எங்கள் வாடிக்கையாளரின் கதைக்குத் திரும்புவோம். வாக்கி-டாக்கிகளை விலக்கிவிட்டு, ஃபோர்க்லிஃப்டுக்கும் அடுக்குகளுக்கும் மட்டும் கடன் வழங்கினோம். அவருக்கு அதில் மனவருத்தம் இருந்தது. வாங்கிய நான்கு கருவிகளை விற்றவரிடமே திருப்பி அனுப்பினார், முழுத்தொகை திரும்பவில்லை. உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும் வரையில் விலக்குப் பட்டைக் கருவிகளைக் கொண்டு சரக்கு மேடையை மட்டும் இணைத்தார். கிடங்கின் கோடியில் குரல் எட்டவில்லை; நடுவில் ஓர் ஆளை நிறுத்திச் செய்தியைக் கடத்தினார்கள். சில மாதங்கள் அப்படியே கழிந்தன. உரிமம் கைக்கு வந்தபின், கருவிகளுக்கான கடனை அடுத்த வாரமே வழங்கினோம்.

அண்மையில் மீண்டும் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. மேடையோரம் ஒருவர், ஓட்டுநரின் கதவருகே ஒருவர். இருவர் கையிலும் கருவி. மேடையோரம் நின்றவர் இரண்டு விரல்களை இழந்த அதே தொழிலாளர். மேடையின் கீழே ஒரு மரச்சட்டம் உருண்டு விழுந்ததைக் கண்டதும் அவர், “ருகோ” என்றார். லாரி அந்த இடத்திலேயே நின்றது. ஃபோர்க்லிஃப்டும் நின்றது. எங்களை அறியாமல் நாங்களும் நின்றோம்.

உங்கள் தொழிலிடத்திலும் இத்தகைய கருவி தேவைப்படலாம். வாங்கிய பின்னர் ரசீதோடு வருவதைவிட, வாங்குமுன் ஒருமுறை உங்கள் கிளைக்கு வாருங்கள். கேட்க வேண்டிய கேள்வியை இம்முறை நாங்களே முதலில் கேட்போம்.