காட்சிக்கு வைத்தவருக்குக் கூலி உண்டா?

கெலமங்கலத்துச் சித்திரகாரர் ஒருவர், தாம் எழுதிய படங்களின் மூலைகளுக்கு அட்டை கொடுத்து, பழைய போர்வையில் சுற்றி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கண்காட்சி வைக்கிறார் என்று கொள்வோம். படத்துக்குச் சட்டம் அடித்த தச்சருக்கும், அழைப்பிதழ் அச்சிட்டவருக்கும், சுவரில் ஆணி அறைந்து விளக்கைத் திருப்பிவைத்த பணியாளருக்கும், திறப்பு விழாவில் காப்பி வழங்கியவருக்கும் கணக்குத் தீர்ந்துவிட, யாருடைய படங்களைப் பார்க்க இத்தனை பேரும் கூடினார்களோ அவர் மட்டும் கூடத்துக்கு நாள் வாடகை செலுத்திவிட்டு, விற்றால் வரவு, விற்காவிட்டால் கீர்த்தி என்று ஊர் திரும்புவது நம் தேசத்தில் வெகு சகஜமான ஏற்பாடு.

விற்பனை ஒருபுறம் இருக்க, பலர் பார்க்கும்படி படத்தை வைப்பதே சன்மானத்துக்கு உரிய ஒரு பிரயோஜனம் அல்லவா என்ற கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் கனடா தேசத்து ஓவியர்கள். தம் படத்தை இலவசமாகப் பிரதி எடுத்துக்கொள்ள அங்குள்ள தேசியக் கலைக்கூடம் முனைந்ததை ஆட்சேபித்த ஜாக் சேம்பர்ஸ், சக ஓவியர்களைத் திரட்டி 1968-ல் 'கார்ஃபாக்' என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். இருபது ஆண்டு வாதாட்டத்தின் பலனாக, 1988 ஜூன் 7-க்குப் பிறகு படைக்கப்பட்ட ஓவியத்தை, விற்பனைக்கோ வாடகைக்கோ அல்லாமல் பொதுக் காட்சிக்கு வைக்கும் பாத்தியதை, அதை எழுதியவருக்கே உரியது என்று அந்நாட்டுக் காப்புரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டது. கித்தானை விலைக்கு வாங்கிய கலைக்கூடமும் அதை மாட்டிவைக்க ஓவியரின் சம்மதத்தைப் பெறவேண்டும் என்பதே இதன் சூட்சுமம். சம்மதம் தேவைப்படும் இடத்தில்தானே பேரமும் பிறக்கும்! குறைந்தபட்சக் கட்டணத்தைப் பற்றிச் சங்கம் பேரம் பேசலாமா என்ற விவகாரம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2014-ல் ஓவியர்கள் பக்கமே தீர்ந்தது.

நம் நாட்டு 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் இவ்வாறு தனித்துச் சொல்லிய காட்சி உரிமை இல்லை. ஆயினும் படைப்பைப் 'பொதுமக்களுக்குத் தெரிவிக்கும்' உரிமையை அச்சட்டம் ஓவியருக்கு வழங்குகிறது. அதன் வியாக்கியானத்தில் காட்சிப்படுத்துதலும் அடங்கியிருப்பதால், வாதாட இடமுண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 53-ஏ பிரிவோ, அசல் ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதிகபட்சம் பத்து சதவீதம் வரை ஓவியருக்குப் பங்கு உண்டென்கிறது. கையெழுத்தில்லாத வாய்ப்பேச்சிலேயே கைமாறும் படச்சந்தையில் அது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கிறது.

1966-ல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள் பாத்திக் துணிகள் முதலான கைவினைப் பொருள்களை விற்று ஜீவனம் நடத்தினார்கள் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஓவியம் சோறு போடாததால்தானே அந்தப் பிரயாசை நேர்ந்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இத்தனைக்கும், கலைஞனுக்குக் கூலி கொடுக்கும் மரியாதை கிருஷ்ணகிரிச் சீமைக்குப் புதிதன்று. திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து வைக்க நினைக்கும் ஊரார், வாத்தியாரை நாடி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துத்தான் தேதி குறிப்பார்கள். "ஆடிவிட்டுப் போங்கள், நல்ல பெயர் கிடைக்கும்" என்று சொல்லத் துணிந்தவர் உண்டா?

ஆகவே ஓசூர் வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி, தொழிற்சாலைகளில் ஓவியக் காட்சி நடத்த முன்வரும் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பந்தலுக்கும் சிற்றுண்டிக்கும் செலவு எழுதும் அதே தாளில் ஓவியரின் சன்மானத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள், படங்களைக் கொண்டுவந்து திருப்பியனுப்பும் செலவு யாருடையது, சேதமானால் பொறுப்பு யாருடையது என்பதையும் குறித்து, காட்சி தொடங்குமுன்பே கையெழுத்திட்டு அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.