பழைய பேப்பர் கடைக்குத் தப்பிய கல்கத்தா

கைக்காசில் பத்திரிகை, ஆபீஸ் முடிந்ததும் ஒத்திகை. கொல்கத்தாவின் சிறு குழுக்கள் எழுதியும் நடித்தும் குவித்ததையெல்லாம் யார் பாதுகாப்பது?

காலேஜ் ஸ்ட்ரீட்டின் புத்தகக் கடை நெரிசலிலிருந்து பிரிந்து போகும் சந்துகளில் ஒன்று டேமர் லேன். அங்கே ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டுக் கீழ்த்தளத்தில், கொல்கத்தா தானே எழுதி, தானே அச்சடித்து, பெரும்பாலும் தானே மறந்தும்விட்ட இலக்கியம் அலமாரி அலமாரியாகச் சேர்ந்தது. சேர்த்தவர் சந்தீப் தத்தா.

கதை 1972-ல் தொடங்குகிறது. இளைஞரான தத்தா தேசிய நூலகத்துக்குப் போயிருந்தார். நாட்டிலேயே பெரிய நூலகம் அது. அதன் ஒரு மூலையில் சிறு பத்திரிகைகள் குவியலாகக் கிடந்தன. வேண்டாமென்று கழித்துப் போடப்பட்டவை. வேறு யாராவது என்றால் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு ஆறிப்போயிருப்பார்கள். தத்தா தன்னிடமிருந்த சிறு பத்திரிகைகளைத் தன் வீட்டிலேயே கண்காட்சியாக வைத்துத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தார். அதோடு நிற்கவுமில்லை. 1978 ஜூன் 23-ம் தேதி சுமார் 1,500 இதழ்களோடு அதே வீட்டில் ஒரு நூலகத்தைத் திறந்தார். கொல்கத்தா லிட்டில் மேகஸின் நூலகம் மற்றும் ஆய்வு மையம் என்று பின்னாளில் அறியப்பட்டது அதுதான்.

பெயரைக் கேட்டால் பெரிய கட்டடமாகத் தோன்றும். இருந்ததென்னவோ வீட்டு அறைகள்தான். ஆராய்ச்சி மாணவர்கள் பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்காத இதழைத் தேடி இந்தச் சந்துக்கு வந்தார்கள். புத்தகக் கண்காட்சி சமயத்தில், சிறு பத்திரிகைகளை விலை கொடுத்து வாங்கிப் படியுங்கள் என்று எழுதிய தொப்பியைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் சுற்றுவார் தத்தா. 45 ஆண்டுகள் இப்படியே போயின. 2023 மார்ச்சில் அவர் காலமானார்.

ஒரு நகரத்தின் இலக்கிய நினைவு ஒரு தனி மனிதரின் ஆயுளையும் ஒரு வீட்டின் சுவர்களையும் நம்பி இருந்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தியா, வெட்கப்படத்தக்க செய்தியா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மற்ற சில நூலகங்களுக்கும் போக வேண்டும். 1956-ல் பத்திரிகைகளும் அதில் சேர்க்கப்பட்டன. ஆனால் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இருநூறு முந்நூறு பிரதிகள் அடிக்கும் பத்திரிகைக்கு, அச்சகப் பாக்கியைத் தீர்ப்பதுதான் முதல் கவலை. பிரதியை அனுப்ப மறந்துவிடுகிறார்கள். அனுப்பியதும் அங்கே நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதைத்தான் தத்தா 1972-ல் கண்டார்.

போனால் போகட்டும், நாலு பேர் கவிதை எழுதி நாலு பேர் படித்தால் நாட்டுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கொல்கத்தாவில் அப்படிக் கேட்பது ஆபத்து. வங்காளிகள் தலையில் வைத்துக் கொண்டாடும் கவிதைகளில் ஒன்று ஜீவனானந்த தாஸின் ‘வனலதா சென்’. அது 1935-ல் முதலில் வெளிவந்தது புத்ததேவ போஸ் தொடங்கிய ‘கவிதா’ இதழில். ராஷ்பிகாரி அவென்யூவில் போஸ் குடியிருந்த வீட்டுக்கே கவிதா பவன் என்று பெயர். ‘காசுக்கு ஒன்று’ என்ற பொருள்படும் பெயரில் அங்கிருந்து ஒரு வரிசை வெளிவந்தது. பதினாறு பக்கம், பதினாறு பைசா. அதாவது அந்தக் காலத்து நாலணா. ஜீவனானந்தரின் தொகுப்பு 1942-ல் அந்த நாலணாப் புத்தகமாகத்தான் வந்தது. பெரிய பதிப்பகம் தேடி வரும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

1953-ல் சுனில் கங்கோபாத்யாயும் நண்பர்களும் ‘கிருத்திபாஸ்’ தொடங்கினார்கள். இளம் கவிஞர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்ட பத்திரிகை. வங்காளக் கவிதையின் அடுத்த தலைமுறை பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. 1961-ல் கிளம்பிய ‘பசித்த தலைமுறை’க்காரர்களுக்குப் பத்திரிகை கூடத் தேவைப்படவில்லை, ஒற்றைத் தாள் துண்டறிக்கைகளே போதும் என்றார்கள். அவர்களில் மலாய் ராய் சௌத்ரி மீது ஒரு கவிதைக்காக ஆபாச வழக்கு. 1964-ல் கைது, கீழ்க் கோர்ட்டில் ரூ. 200 அபராதம், 1967-ல் ஹைகோர்ட்டில் விடுதலை. அந்தத் தாள்களைக் கவனமாகப் படித்த ஒரே அரசுத் துறை போலீஸ்தான்.

ஆனால் சிறு பத்திரிகை என்றால் காபி ஹவுஸில் உட்கார்ந்து புகை விடும் பட்டதாரிகள் சமாசாரம் என்ற பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆல்பர்ட் ஹாலில் இருக்கும் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ‘அட்டா’ அடிக்க நேரம் வேண்டும். நேரம் இருப்பது யாருக்கு? வங்கத்துச் சிறு பத்திரிகையின் நீண்ட வரலாற்றில் மேல்சாதிப் படித்த வர்க்கத்தின் கையே ஓங்கியிருந்தது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

அதனால்தான் ‘வர்த்திகா’வின் கதை முக்கியமாகிறது. மகாஸ்வேதா தேவி தன் தந்தை நடத்திவந்த இந்தப் பத்திரிகையை 1980-ல் ஏற்றுக்கொண்டு அதன் குணத்தையே மாற்றினார். விவசாயக் கூலிகளும் தொழிலாளிகளும் பழங்குடியினரும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதும் இடமாயிற்று அது. ஒரு நாள் ஜாதவ்பூர் பக்கம், தான் பாடம் நடத்திவந்த கல்லூரியிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினார். ரிக்‌ஷாக்காரர் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்: ‘ஜிஜீவிஷா’. வாழ வேண்டுமென்ற வேட்கை. இந்த வார்த்தை உனக்கு எங்கே கிடைத்தது என்று விசாரிக்கப் போய், அவர் சிறையில் எழுத்துக் கற்றுக்கொண்ட கதை வெளிவந்தது. உன் வாழ்க்கையை எழுது, போடுகிறேன் என்றார் மகாஸ்வேதா. 1981-ல் ‘வர்த்திகா’வில் ரிக்‌ஷா ஓட்டும் வாழ்க்கையைப் பற்றிய கட்டுரை வந்தது. எழுதியவர் மனோரஞ்சன் வியாபாரி. நாமசூத்திரர் சாதியில், அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். 2020-ல் மேற்கு வங்க அரசு தலித் இலக்கிய அகாதெமி அமைத்தபோது அதன் தலைவரானார். 2021-ல் பலாகட் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்வானார். அந்தச் சின்னப் பத்திரிகை இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையை எந்தப் பெரிய பத்திரிகை ஆசிரியர் கேட்டு வாங்கியிருப்பார்?

பத்திரிகையாவது தாளாக மிஞ்சுகிறது. நாடகம் விளக்கு அணைந்ததும் போய்விடுகிறது. கொல்கத்தாவின் நாடகக் குழுக்கள் இந்தப் பத்திரிகைகளின் கூடப் பிறந்தவை போலத்தான். 1943 பஞ்சத்தில் நகரத் தெருக்களில் மனிதர்கள் செத்து விழுந்தார்கள்; மறு ஆண்டே பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்னா’வை மக்கள் நாடக மன்றம் மேடையேற்றியது. அதிலிருந்து வந்தவர்களில் ஒருவரான சம்பு மித்ரா 1948-ல் ‘பஹுரூபி’யைத் தொடங்கினார். 1960-ல் அஜிதேஷ் பந்தோபாத்யாய் முதலானோரின் ‘நந்திகார்’. தாகூரின் ‘ரக்தகரவி’ மேடைக்கு ஆகாது என்று பலர் நினைத்திருந்தபோது 1954-ல் பஹுரூபி அதை நடித்துக்காட்டியது. குழு நாடகத்துக்கென்று சொந்த அரங்கு ஒன்று கட்ட வேண்டுமென்று சம்பு மித்ரா வெகு காலம் முயன்றார். கைகூடவில்லை. இன்றுவரை பெரும்பாலான குழுக்களுக்குச் சொந்த அரங்கு கிடையாது. வாடகை மேடையில் ஒரு மாலை கிடைத்தால் அதற்கேற்ப ஒத்திகை, அதற்கேற்ப ஆபீஸில் பர்மிஷன்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று மேடையையே தூக்கியெறிந்தவர் பாதல் சர்க்கார். தொழில் நகரமைப்பு, நைஜீரியா வரை போய் வேலை பார்த்தவர். 1967-ல் ‘சதாப்தி’ குழுவைத் தொடங்கினார். மேடை, செட், விளக்கு எல்லாவற்றையும் உதறிவிட்டு 1970-களில் அறைகளிலும் பூங்காக்களிலும் நாடகம் போட்டார். நடிகர்களின் உடம்புதான் செட். பார்க்க வந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்வது, கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. எஸ்பிளனேடு அருகே கர்ஸன் பூங்காவில் சனிக்கிழமைகளில் குழுக்கள் நடித்தன. அங்கே 1974 ஜூலை 20-ம் தேதி நாடகத்துக்காகக் கூடியவர்கள் மீது போலீஸ் பாய்ந்ததில் பிரபீர் தத்தா என்ற இளைஞர் உயிரிழந்தார். நாடகம் பார்ப்பது பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாத காலம் அது.

பாதல் சர்க்காரின் கை நம் ஊர்வரை நீண்டது. 1980-ல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சி முகாம், தமிழ் நவீன நாடகக்காரர்கள் பலருக்குத் திருப்புமுனை. தமிழ்நாட்டு வீதி நாடகத்தின் கதையை எழுதுகிறவர்கள் கர்ஸன் பூங்காவுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியாக வேண்டும். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் யார் எதை நடித்தார்கள், எத்தனை பேர் நின்று பார்த்தார்கள் என்று தேடிப் போனால், பதில் கிடைக்கக்கூடிய இடம் அந்தக் காலத்துச் சிறு பத்திரிகைகள்தான். ஆக, மறுபடியும் டேமர் லேனுக்குத்தான் வர வேண்டும்.

கவிதையும் நாடகமும் எட்டாத இடத்தில் பேட்டை இருக்கிறது. ‘பாரா’ என்பார்கள். ஒவ்வொரு பாராவுக்கும் ஒரு கிளப். கேரம் போர்டு, துர்கா பூஜை வசூல், வைகாசி 25-ல் தாகூர் ஜெயந்திக்கு மேடை கட்டிக் குழந்தைகளின் பாட்டு, ஆவ்ருத்தி எனப்படும் கவிதை ஒப்பிப்பு. சில இடங்களில் ஒரு நூலகமும் உண்டு. பாக்பஜாரில் 1883-ல் தொடங்கிய வாசகசாலை போல. இவற்றில் நடப்பதெல்லாம் உயர்ந்த கலை என்று சொல்ல மாட்டேன். ஒரே கவிதையை ஏழு குழந்தைகள் வரிசையாக ஒப்பிக்கக் கேட்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஆனாலும் பிற்பாடு குழு நாடகத்துக்கு டிக்கெட் வாங்கி உட்காரும் கூட்டம் இந்தப் பெஞ்சுகளில்தான் தயாராகிறது.

இப்படித் தன்னார்வத்தில் கூடுவது கொல்கத்தாவுக்குப் பழைய பழக்கம். வங்கீய சாகித்ய பரிஷத் 1893-ல் ஷோபாபஜாரில் ஒரு பிரபுவின் மாளிகையில் சிலர் கூடித் தொடங்கியது. தாகூர் அதன் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்தார். 1909-ல் வசந்தரஞ்சன் ராய் என்ற அறிஞர் பாங்குரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டு மாட்டுத் தொழுவத்தில் போட்டு வைத்திருந்த ஓலை, தாள் குவியலைக் கிளறினார். உள்ளே இருந்தது ‘ஸ்ரீகிருஷ்ண கீர்த்தனம்’. வங்க மொழியின் மிகப் பழைய நூல்களில் ஒன்று. 1916-ல் பரிஷத் அதை அச்சிட்டது. உ.வே. சாமிநாதையரின் ஊர் ஊரான அலைச்சலை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. தொழுவத்துக்குப் பதில் தேசிய நூலகத்தின் மூலை என்று மாற்றிக்கொண்டால் சந்தீப் தத்தாவின் கதையும் அதுவேதான்.

டேமர் லேன் போன்ற சேமிப்புகளுக்கு ஆபத்து சேர்த்தவரின் மறைவோடு தொடங்குகிறது. நம் பக்கத்து அனுபவம் ஒன்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும், 1992-ல் அவர் காலமானபின் சிதறிப்போகாமல் நின்றன. 1990-களில் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக வைக்க ஏற்பாடு செய்ததால்தான் இது நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து விலை பேசும்வரை நம்மவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வியை நாகரிகம் கருதி விட்டுவிடலாம்.

கொல்கத்தாவில் சிறு பத்திரிகைகளின் உற்பத்தி மட்டும் நிற்கவில்லை. புத்தகக் கண்காட்சி 1976-ல் தொடங்கியது. 1997-ல் தீயில் எரிந்து சில நாட்களில் மறுபடி எழுந்தது. பிறகு மைதானத்தை விட்டு இடம் மாறியது. எங்கே போனாலும் சிறு பத்திரிகைகளுக்குத் தனிப் பந்தல் உண்டு. ஒரு மேஜையைப் பகிர்ந்துகொண்டு ஆசிரியரே விற்பனையாளராக நிற்பார். காலேஜ் ஸ்ட்ரீட் முனையில் பாதிராம் கடையில் மாவட்டங்களிலிருந்து வரும் இதழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் வந்தபின் அச்சுக் கோர்ப்பு எளிதாகிவிட்டது. அதனால் இதழ்கள் பெருகின. சேமித்து வைக்கும் இடம் பெருகவில்லை. இணையத்தில் மட்டும் வெளிவருபவை ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் ஒரே இரவில் காணாமல் போகின்றன. அவற்றுக்கு மாட்டுத் தொழுவம் கூட இல்லை.

இதே நகரத்தில் லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். பாரதி தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தில்லி, மும்பை, பெங்களூர் என்று தமிழர் கூடிய நகரங்களிலெல்லாம் சங்கங்கள், ஆண்டு விழாக்கள், விழா மலர்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிய முதல் சிறுகதை, ரயில்வே ஊழியர்கள் சேர்ந்து போட்ட நாடகத்தின் புகைப்படம், கீழே நடிகர்களின் பெயர்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தின் 1965-ம் ஆண்டு மலர் இப்போது யார் வீட்டுப் பரணில் இருக்கிறது?