வலி மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? வாய்திறந்து சொல்லுங்கள்!



எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், முப்பது வருடம் பால்மரம் சீவியவர். கர்ப்பப்பைக் கட்டிக்காகப் பெரியாஸ்பத்திரியில் அவருக்கு ஆப்பரேஷன் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அன்று இரவு வலிக்கு மார்பின் ஊசி போட்டார்கள். வலி அடங்கியது. ஆனால் மூக்கிலும் முகத்திலும் ஒரே அரிப்பு, குமட்டல், இரண்டு முறை வாந்தி.

அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. "மிஸிங்களுக்கு ஆயிரம் வேலை. நாம வேற எதுக்குத் தொந்தரவு?" என்று இருந்துவிட்டார். காலையில் டாக்டர் கேட்டபோதும், "ஓக்கே டாக்டர்" என்றுதான் பதில். ஆனால் மனத்துக்குள், "இந்த மருந்து நம்ம ஒடம்புக்கு ஆவாது" என்று முடிவு கட்டிவிட்டார். பிறகு கொடுத்த மாத்திரைகளை விழுங்குவதுபோல் பாவனை செய்து, தலையணைக்கு அடியில் சொருகி வைத்தார்.

அப்புறம் என்ன? வலி தாங்க முடியவில்லை. வலிக்குப் பயந்து இருமவில்லை. மூச்சை இழுத்து விடவில்லை. கட்டிலை விட்டு இறங்கவும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நாலு நாளில் வீடு திரும்ப வேண்டியவர், இரண்டு வாரம் படுத்துக் கிடந்தார். விரிப்பை மாற்றும்போதுதான் மாத்திரைகள் அகப்பட்டன. டாக்டர் ஏசவில்லை. "மொத நாளே சொல்லியிருந்தா வாந்திக்கு மருந்து கொடுத்திருப்போமே, அம்மா" என்றாராம்.

இந்தக் கதை அந்த அக்காவுக்கு மட்டும் உரியதன்று. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காமல் நிற்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஆஸ்பத்திரியில் அந்தப் பழக்கம் நம்மையே கெடுக்கும்.

நாம் பால்மரத்தைக் கீறிப் பால் எடுப்பதுபோல், அபினிச் செடியின் காயைக் கீறினால் வரும் பாலில் இருப்பதுதான் மார்பின். பெத்திடின், ஃபெண்டானில், ஆக்சிகோடோன், டிரமடால் எல்லாம் அதே வேலையைச் செய்யும் மருந்துகள். மூளைக்குப் போகும் வலிச் செய்தியை இவை அடக்குகின்றன. அதே சமயத்தில் வாந்தியைக் கிளப்பும். குடலை மந்தமாக்கி மலச்சிக்கலை உண்டாக்கும். அரிப்பும் தூக்கக் கலக்கமும் தரும். இவை பலருக்கும் வரக்கூடிய பக்கவிளைவுகள். சொன்னால் அளவைக் குறைப்பார்கள், வாந்திக்கும் மலம் இளகவும் மருந்து தருவார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். வலியோடு கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் சில அறிகுறிகள் ஆபத்தானவை. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்புவது, உதடோ கண்ணிமையோ வீங்குவது, மூச்சு இரைப்பது, மயக்கம் வருவது ஆகியவை ஒவ்வாமையாக இருக்கலாம். நோயாளி எழுப்பினாலும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாகிறது, குறட்டை நடுவே நின்று நின்று வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் மருந்து அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தாதியைக் கூப்பிடுங்கள். இதற்கு நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து உண்டு. வீட்டில் நேர்ந்தால் உடனே 999-க்கு அழையுங்கள்.

வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறுவதும் உண்டு. ஆப்பரேஷன் ஆன தாத்தா, எப்போதோ இறந்துபோன பாட்டியோடு பேசுகிறாரா? காத்துக் கருப்பு என்று கயிறு கட்ட ஓடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் வேலையாக இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்பின், பெத்திடின் ஆகியவற்றின் கழிவு உடம்பிலேயே தங்கித் தொல்லை கொடுக்கும். ஆகவே இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா எது இருந்தாலும் ஆப்பரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

சில ஆஸ்பத்திரிகளில் கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள். வலிக்கும்போது அமுக்கினால் மருந்து இறங்கும். அதை நோயாளி மட்டுமே அமுக்க வேண்டும். "பாவம், தூங்குறாரு, வலிக்கப்போவுது" என்று பக்கத்தில் இருப்பவர் அமுக்குவது அன்பல்ல, ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். மிச்சமான டிரமடால் மாத்திரையை இடுப்பு வலிக்காரருக்குத் தானம் பண்ணாதீர்கள். இந்த மாத்திரைகளோடு சம்சுவும் பீரும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். தூக்க மாத்திரையும் அப்படித்தான். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. சிலருடைய ஈரல் டிரமடாலையும் கொடேயினையும் மிக வேகமாக வீரியமான மருந்தாக மாற்றிவிடும். அதனால்தான் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த இரண்டும் ஆகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அந்த எச்சரிக்கை உண்டு.

"எனக்கு மலாய் அவ்வளவா வராதே, எப்படிச் சொல்றது?" என்று கேட்கும் அம்மாமார்களுக்கு நாலே சொல்: அரிப்புக்கு 'காத்தால்', வாந்திக்கு 'முந்தா', தலைசுற்றலுக்கு 'பெனிங்', மூச்சு முட்டினால் 'சூசா நாபாஸ்'. இது போதும்.

தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சமும் வேண்டாம். 2008-ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு, நாடி, இரத்த அழுத்தம், உடல்சூடு, மூச்சு ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகச் சேர்த்தது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று தாதி கேட்பது அதனால்தான். கேட்பது அவர் வேலை. உள்ளதைச் சொல்வது நம் வேலை.

ஒவ்வாமைதான் என்று டாக்டர் உறுதி செய்தால், மருந்தகத்தில் 'அலாஹான் உபாட்' அட்டை கேட்டு வாங்கி ஐ.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வாந்தியை ஒவ்வாமை என்று சொல்லிவிட்டால், நாளைக்கு உயிர் காக்க வேண்டிய நல்ல மருந்து கிடைக்காமல் போகலாம். என்ன நடந்தது என்பதை நடந்தபடியே சொல்ல வேண்டும்.

அந்த அக்காவுக்குப் பின்னொரு முறை பித்தப்பையில் ஆப்பரேஷன் நடந்தது. இந்தத் தடவை மயக்க டாக்டர் வந்து நின்றதுமே, "ஐயா, போன தடவை ஊசி போட்டதும் அரிச்சுச்சு, ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன்" என்று சொல்லிவிட்டார். டாக்டர் எழுதிக்கொண்டு, வாந்திக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தார். மறுநாள் அக்கா எழுந்து நடந்தார். மூன்றாம் நாள் வீட்டில் இருந்தார்.

அவர் செய்ததெல்லாம் வாயைத் திறந்ததுதான். நாமும் திறப்போம்!